முனி மரத்தடியில் நான் போட்ட சாம்பிராணி

இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று வருடமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை எழுதியும் பார்த்தேன். முதல் தடவை பாதியில் கை ஓடவில்லை. இரண்டாம் தடவை முழுவதும் எழுதி, ஒருமுறை வாசித்துவிட்டு, அடுப்புக்குள் வைத்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பவத்தில் பிழை இல்லை. இந்தத் தடவை நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையில் நடந்தது இது. எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் மேலே ஏறினால் வரும். நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கிற லயத்துக்கு மேலே தேயிலை மலை. அதற்கும் மேலே கொஞ்சம் காடு மிச்சமிருக்கிறது. நாங்கள் குடிக்கிற தண்ணீர் அந்தக் காட்டு ஊற்றிலிருந்துதான் குழாயில் வருகிறது. காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய மரம். அதனடியில் மூன்று கல்லும் ஒரு சூலமும் இருக்கும். முனி மரம் என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

அந்த மரத்துக்கும் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. கல்யாணமாகி ஏழு வருடம் எனக்குப் பிள்ளை இல்லை. எட்டாம் வருடம், ஆடி மாதக் கடைசி வெள்ளி, அந்த மூன்று கல்லுக்கு முன்னால் விழுந்து அழுதேன். "ஒரு பிள்ளையைக் கொடு சாமி, நான் உசுரோட இருக்கிற வரைக்கும் வருசா வருசம் இதே நாள் வந்து சாம்பிராணி போடுறேன்" என்று வேண்டினேன். அடுத்த ஆடிக்குள் மகள் பிறந்துவிட்டாள். அதிலிருந்து ஒரு வருடம்கூட நான் தவறியதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். மழையில் குடைக்குள் தூபக்காலை வைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அந்த வருடம் மகள் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக வீட்டில் இருந்தாள். பதினாறு வயது. அப்போது டவுனிலிருந்து இயற்கையைப் பாதுகாக்கிற ஒரு சங்கம், எங்கள் தோட்டத்தில் மூன்று நாள் பகல் முகாம் நடத்த வந்தது. ஆறு வயதிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைகள், தோட்டத்துப் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளுமாக நாற்பது பேர். காலையில் வந்து ஓடையில் மீன் பார்ப்பது, மரத்துக்குப் பெயர் கேட்பது, நாற்று நடுவது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போவது. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய பிள்ளை பொறுப்பு. சம்பளம் கிடையாது. அப்படிப் பொறுப்பெடுத்த நான்கு பேரில் என் மகளும் ஒருத்தி. பச்சைத் தொப்பியும் கயிறு போட்ட விசிலும் கொடுத்திருந்தார்கள்.

மகளுக்கு இதில் ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். எங்கள் மாவட்டத்து மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது அவள் சின்னப் பிள்ளை. அதற்குப் பிறகு மழை பெய்தால் எங்கள் லயத்தில் யாரும் நிம்மதியாகப் படுத்ததில்லை. மேலே இருக்கிற மரம் இருக்கும்வரைதான் கீழே இருக்கிற லயம் இருக்கும் என்று வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்ததை அவள் மறக்கவில்லை.

முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குள் விசில் ஊதிப் பழகினாள். அவள் அப்பா ஃபெக்டரியிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, காலையில வேலப் பெரட்டுக்கு ஆள் கூப்புடுறியா? நிப்பாட்டு தாயே. பக்கத்து லயத்துல கூடையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருவாங்க."

முகாமை நடத்தியவர் ஒரு விஞ்ஞான ஆசிரியர். டவுன் பாடசாலையில் படிப்பிக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேச்சைக் கேட்டு எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. "எல்லாரும் வந்திட்டீங்களோ?" என்று அவர் கேட்டால், "வந்திட்டமோ!" என்று கத்துவார்கள். அவரும் சிரிப்பார்.

முதல் நாள் முடிந்து வந்ததும் மகள் சொன்ன முதல் வார்த்தை இதுதான். "அம்மா, முனி மரத்துல குளவிக் கூடு இருக்கு. மொறம் அளவுல ரெண்டு. சார் அந்தப் பாதையில செவப்பு நாடா கட்டிட்டாரு. யாரும் கிட்ட போகக் கூடாது. பொகை போடவே கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை ஆடிக் கடைசி வெள்ளி.

"சாமி மரத்துல இருக்குற குளவி சாமியோட குளவி. நம்மள ஒண்ணுஞ் செய்யாது" என்றேன்.

"அது குளவிக்குத் தெரியுமாம்மா?"

"வாயில அடிப்பேன். அந்தச் சாமி இல்லாட்டி நீயே இல்ல."

"சரிம்மா. சாமிய நான் ஒண்ணும் சொல்லல. இந்த ஒரு வருசம் மட்டும் கீழ பாலத்துக்கிட்ட நின்னு கும்பிடுங்க. வெள்ளிக்கிழம நாங்க புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மேல நாத்து நட வர்றோம். சத்தியமா அங்க போகாதீங்க."

"சரி, சத்தியமா போகல" என்றேன். பிள்ளையிடம் பொய் சொன்னேன். அப்போது அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சாமி காரியத்தில் சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் நாள் நாங்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலைக்குப் பக்கத்தில் மகள் தன் பத்துப் பிள்ளைகளையும் வைத்து ஒரு விளையாட்டு நடத்தினாள். முள்ளம்பன்றி விளையாட்டாம். அவள் மூன்று தடவை விசில் ஊதினால், எல்லோரும் பக்கத்திலிருக்கிற தேயிலைச் செடிக்கு அடியில் புகுந்து, முகத்தில் தொப்பியை மூடி, சுருண்டு படுத்துக்கொள்ள வேண்டும். அவள் வந்து முதுகைத் தொடும்வரை மூச்சுக் காட்டக் கூடாது. எங்கள் பிள்ளைகள் எலி மாதிரி நுழைந்துவிட்டார்கள். டவுனிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பிள்ளை மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஏழு வயது இருக்கும். வாய் ஓயாத பிள்ளை.

"அக்கா, சட்டையில மண் பட்டா உம்மா ஏசுவாங்க."

"அக்கா தொவச்சுத் தர்றேன், நீ படு."

"முள்ளம்பன்றி சட்ட போடாதே அக்கா, நான் போட்டிருக்கேனே?"

எங்கள் கூட்டத்துப் பெண்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எதிர்வீட்டு அக்கா என் காதில், "ஒன் மக புள்ளைங்கள தேயிலைக்கு அடியில நடுறாடி, அடுத்த வருசம் மொளச்சு வந்துரும்" என்றாள். நானும் சிரித்தேன். அந்த விளையாட்டு எதற்கென்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே குளித்தேன். பிள்ளைகள் முதலில் ஓடைக்குப் போய் மீன் பார்த்துவிட்டு, பதினொரு மணிக்குப் பிறகுதான் மேலே வருவார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். ஒன்பது மணிக்கெல்லாம் போய் வந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தூபக்காலில் பற்றவைத்த கொட்டாங்குச்சிக் கரியைப் போட்டு எடுத்துக்கொண்டேன். முந்தானைக்குள் சாம்பிராணிப் பொட்டலம், கையில் பூ.

சிவப்பு நாடா பாதையின் குறுக்கே கட்டியிருந்தது. அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். உயரத்தில் கிளைக்கு அடியில் கறுப்பாக இரண்டு கூடு தொங்கியது. "சாமி, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் குனிந்து நாடாவுக்கு அடியில் புகுந்துவிட்டேன்.

பூ வைத்தேன். கரியை ஊதிக் கனலாக்கி, சாம்பிராணியை வழக்கத்தைவிட அதிகமாகவே போட்டேன். மகள் காடு மேடெல்லாம் போகிறாளே, அவளுக்காகவும் சேர்த்து என்று நினைத்துப் போட்டேன். ஓகஸ்ட் மாதத்தில் எங்கள் பக்கத்துக் காற்று எப்படியென்று உங்களில் ஊவா மாகாணத்துக்காரர்களுக்குத் தெரியும். ஒரு வீச்சு வீசியது. கனல் தெறித்துக் காய்ந்த சருகில் விழுந்தது. சருகு பிடித்துக்கொண்டது. பயந்துபோய்க் காலால் மிதித்தேன். பச்சைக் கொப்பை ஒடித்து அடித்தேன். தீ அணைந்துவிட்டது. ஆனால் தீ இருந்ததைவிட அணைந்தபோதுதான் புகை அதிகம். வெள்ளையாக, தூண் மாதிரி, நேரே மேலே போனது.

முதலில் ஒரு இரைச்சல் கேட்டது. தூரத்தில் லொறி ஏறுவது போல. பிறகு அது தலைக்கு மேலே இருந்தது.

நான் தோட்டத்தில் பிறந்தவள். இருபது வருடம் கொழுந்து எடுத்தவள். குளவி கலைந்தால் ஓடக் கூடாது, வேலைக்கு இடுப்பில் கட்டியிருக்கிற தடித்த படங்குத் துணியை அவிழ்த்துப் போர்த்திக்கொண்டு, செடிக்கு அடியில் குப்புறப் படுத்துவிட வேண்டும். எங்களில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு என் இடுப்பில் படங்கு இல்லை, சாமி கும்பிட வந்த நல்ல சேலைதான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழே பாதையில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. ஓடையில் அன்று கலங்கல் தண்ணீர், மீன் தெரியவில்லையாம். அதனால் முதலிலேயே நாற்று நட வந்துவிட்டார்கள். எனக்கு அது எப்படித் தெரியும்?

பிள்ளைகள் வருகிறார்கள், சொல்ல வேண்டும் என்ற ஒரே நினைப்பில் தூபக்காலை எறிந்துவிட்டுக் கீழ்நோக்கி ஓடினேன். "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். குளவி என் பின்னால் வந்தது. பிள்ளைகளைக் காப்பாற்ற ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, குளவியை நானே பிள்ளைகளிடம் கூட்டிக்கொண்டு போனேன். இந்த வரியை எழுதத்தான் எனக்கு மூன்று வருடம் தேவைப்பட்டது.

பாதை வளைவில் மகளைப் பார்த்தேன். பச்சைத் தொப்பி. அவளுக்குப் பின்னால் வரிசையாகப் பத்துப் பிள்ளைகள், ஒவ்வொன்றின் கையிலும் ஒரு நாற்றுப் பை. நான் வருவதைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வருவதையும் பார்த்தாள். அவள் ஓடவில்லை, கத்தவும் இல்லை. விசிலை வாயில் வைத்து மூன்று தடவை ஊதினாள்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் பாதையில் நாற்றுப் பைகள் மட்டும் கிடந்தன. பிள்ளைகளைக் காணோம். ஒன்பது பிள்ளைகள் தேயிலைக்கு அடியில். பின்னால் வந்த மற்றக் கூட்டத்தையும் சார் வளைவுக்கு அப்பாலேயே நிறுத்திச் செடிக்கு அடியில் தள்ளிவிட்டார் என்று பிறகு அறிந்தேன். அந்த டவுன் பிள்ளை மட்டும் பாதை நடுவில் நாற்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. மகள் அதை அப்படியே அள்ளிச் செடிக்கு அடியில் தள்ளி, அதன் மேல் கவிழ்ந்து படுத்தாள். படுத்தபடியே ஒரு கையை நீட்டி என் சேலையைப் பிடித்து இழுத்து விழுத்தினாள். "படுங்கம்மா! மொகத்த மூடுங்க!" அவள் உடம்பு அந்தச் செடிக்குள் முழுதாக அடங்கவில்லை. முதுகும் காலும் வெளியே இருந்தன.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன். கழுத்திலும் கையிலும் கொட்டியது நெருப்பு மாதிரி எரிந்தது. பக்கத்தில் மகள் ஒவ்வொரு கொட்டுக்கும் 'ம்' என்று பல்லைக் கடிப்பது கேட்டது. அவளுக்கு அடியிலிருந்து அந்தச் சின்னக் குரல், "அக்கா, நான் பேசாம இருக்கேன்தானே? அக்கா, நான் முள்ளம்பன்றிதானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. "ஆமாடா, பேசாம இரு" என்றாள் மகள். சாமி பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவேன்?

இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. சார்தான் தவழ்ந்து வந்து ஒவ்வொரு பிள்ளையாக முதுகைத் தொட்டு எழுப்பினார். ஐந்து பிள்ளைகளுக்கு ஒன்று இரண்டு கொட்டு. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. என் மகள் எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளைகளை எண்ணினாள். பத்து என்று வந்ததும் வாந்தி எடுத்தாள். அவள் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டு வந்தது.

அந்த டவுன் பிள்ளையின் தகப்பன் பதுளையில் கடை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் திரும்ப வேண்டும் என்பதால், பிள்ளைகளுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல்களை நேரத்தோடு வேனில் கொண்டுவந்து அப்போதுதான் இறக்கிக்கொண்டிருந்தார். மகள் இருந்த நிலையைப் பார்த்ததும் பார்சல் பெட்டிகளைத் தரையில் வைத்துவிட்டு, "ஏத்துங்க, ஏத்துங்க, சோத்தப் பொறகு பாப்போம்" என்றார். வேன் இறங்குகிற வேகத்தில் எனக்கு உயிர் போய் வந்தது. அவர் அவருடைய கடவுளை வாய்க்குள் அழைத்துக்கொண்டே ஓட்டினார். பின்னால் நான் மகளின் தலையை மடியில் வைத்திருந்தேன். அவளுக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. "சாமி, என்னை எடுத்துக்கோ, இவளை விட்டுரு. நீ கொடுத்த பிள்ளை. நான்தானே செஞ்சேன்" என்று மனதுக்குள் கதறினேன். மற்றப் பிள்ளைகளைச் சங்கத்து ஆட்களிடம் விட்டுவிட்டு வேனில் கூட ஏறியிருந்த சார் வழியில் கேட்டார், "குளவி எப்படிக் கலைஞ்சது அம்மா? நீங்கள் கண்டனீங்களோ?"

"பருந்து ஒண்ணு வந்து கூட்டுல அடிச்சுச்சு சார்" என்றேன்.

தோட்டத்தில் குளவி கலைந்தால் பருந்தைச் சொல்வதுதான் வழக்கம். அநேகமாக அது உண்மையாகவும் இருக்கும். அதனால் அந்தப் பொய் தானாகவே என் வாயில் வந்துவிட்டது. பூ வைத்துக் கும்பிட மட்டும்தான் போனேன் என்றும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் மகளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, ஒக்சிஜன் வைத்தார்கள். பதினேழு இடத்தில் கொட்டியிருந்ததாக நர்ஸ் சொன்னார். எனக்கும் மருந்து போட்டார்கள். என் வீக்கம் எனக்குத் தெரியவில்லை. பின்னேரம் நான்கு மணிபோல டொக்டர் வெளியே வந்தார். "இனிப் பயமில்லை. மூச்சு நல்லா இருக்கு. பசிக்குதாம், கேட்கிறா" என்றார். நான் அந்த டொக்டர் காலில் விழப்போனேன். அவர் பின்வாங்கிவிட்டார். வேன்காரர் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது. "அல்லாஹ்தான் ஒங்க மகள அந்த எடத்துல வச்சான்" என்றார். அவர் பிள்ளை தன் சட்டையைக் காட்டி, "மாமி, மண் பட்டுட்டு. அக்கா தொவச்சுத் தர்றேண்டாங்க" என்றது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம். அதற்குள் தோட்டத்தில் கதை வேறு விதமாகக் கட்டப்பட்டிருந்தது. குளவி அடங்கியபிறகு ஆட்கள் முனி மரத்தடிக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். கருகிய இடத்தைக் காற்று சருகால் மூடிவிட்டது. தூபக்கால் பள்ளத்தில் உருண்டுவிட்டது. ஆனால் சாம்பிராணி வாசம் மட்டும் அடித்ததாம். எதிர்வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "முனியாண்டி நேர்ல எறங்கிருக்குடி. ஒரு எடத்துலயும் நெருப்பில்ல, கரியில்ல, வாசம் மட்டும் கமகமங்குது. நீ அன்னைக்கிக் கும்பிடப் போகலன்னா அத்தன புள்ளையும் போயிருக்கும்."

நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வெள்ளி கோயிலில் எனக்குத்தான் முதல் தீர்த்தம் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக் குடித்தேன்.

மகள் மட்டும் சரியில்லை. வீக்கம் வடிந்தது, பேச்சு வரவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிடுவாள். தொப்பியையும் விசிலையும் ஒரு பேப்பரில் சுற்றி, சாரிடம் கொடுத்துவிடச் சொன்னாள். ஒரு சாயங்காலம் அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"என்னடா, பயந்துட்டியா?"

அவள் குனிந்துகொண்டே சொன்னாள்: "பருந்து இல்லப்பா. நான்தான். கீழ ஓடையில புள்ளைங்கள ஒண்ணு சேக்க நாலஞ்சு தடவ பலமா விசில் ஊதுனேன். அந்தச் சத்தத்துலதான் குளவி கலஞ்சிருக்கு. அம்மாவக் கொட்டுனது, அந்தப் புள்ளைங்களக் கொட்டுனது எல்லாம் என்னாலதான். இனி யாரு புள்ளையையும் என்கிட்ட குடுக்கச் சொல்லாதீங்க."

பதினேழு கொட்டு வாங்கியும் அழாத பிள்ளை, நான் செய்ததைத் தன் தலையில் வைத்துக்கொண்டு அழுகிறாள். அதற்குப் பிறகும் பேசாமல் இருந்தால் நான் தாயே இல்லை.

அடுப்படியிலிருந்து எழுந்து வந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். "நீ இல்ல புள்ள. நான்தான். நாடாவுக்கு அடியில பூந்து போனேன். சாம்பிராணி போட்டேன். சருகு பத்திக்கிச்சு. பருந்து வரவேயில்ல" என்றேன்.

அவள் அப்பாதான் முதலில் பேசினார். "அதான் ஒரு வாரமா தூபக்கால காணோமா? நான் எலி இழுத்துட்டுப் போயிருச்சாக்கும்னு நெனச்சேன்."

மகள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். முகத்தை மூடிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "பாவம்மா அந்தப் பருந்து" என்றாள். அழுகையோடேயே சிரித்தும்விட்டாள். அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அந்தச் சோற்றைப் போட்டபோது எனக்கு வந்த நிம்மதி, டொக்டர் சொன்னபோது வந்ததைவிடப் பெரியது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "நீங்க சத்தியம் பண்ணீங்கம்மா." அவ்வளவுதான்.

மறுநாள் சார் வந்தார். கை கூப்பிக்கொண்டு அவரிடமும் சொன்னேன். அவர் வாசல்கல்லில் உட்கார்ந்துவிட்டார். பெற்றோர் சிலர் அவர்மேல் முறைப்பாடு சொல்லியிருந்தார்கள். இனி இந்த மலையில் முகாம் வேண்டாம், பிழையான பாதையில் பிள்ளைகளைக் கூட்டிப்போனது தான்தான் என்று சங்கத்துக்கு எழுதிவைத்திருந்தாராம். "நான் ஒரு கிழமையா நித்திரை கொள்ளேல்ல அம்மா. எங்க பிழை விட்டனான் எண்டு யோசிச்சு யோசிச்சு மண்டை விறைச்சுப் போச்சு. இப்பத்தான் மூச்சு வருது" என்றார். கோபப்படுவார் என்று நினைத்த மனிதர் எனக்கு நன்றி சொன்னார். என் பெயரைப் போடாமல், புகையால்தான் கலைந்தது என்று மட்டும் திருத்தி எழுதினார். கடைக்கார வேன்காரரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். "மனுசருக்கு மறதியும் பிழையும் வரும் தங்கச்சி. புள்ள சொகம், அது போதும்" என்றார். அடுத்த வருட முகாமுக்கும் தன் பிள்ளையை என் மகளிடமே அனுப்பினார். பேப்பரில் சுற்றிய விசிலை என் மகள் திரும்ப எடுத்துக்கொண்டாள். இப்போது மேல்வகுப்பில் ஏ.எல். படித்துக்கொண்டே மூன்றாவது வருடமாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறாள்.

இந்த நாலு பேருக்குச் சொன்னதோடு என் தைரியம் முடிந்துவிட்டது. தோட்டத்துக்குச் சொல்லவில்லை. முதல் தீர்த்தம் வாங்கிக் குடித்த வாய் அல்லவா?

பிறகு ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன மாதம் மொனராகலைக்கு ஒரு கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, நான் யாரென்று தெரியாமல், என் கதையை எனக்கே சொன்னார். அதில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு கிழவர் பாதையில் நின்று குளவியைக் கையால் மறித்தாராம். பக்தியுள்ள ஒரு பெண் காலையில் பூசை செய்ததால் நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரு கொட்டுக்கூட இல்லையாம். என் மகளின் பதினேழு கொட்டும் அந்தக் கதையில் இல்லை. விசில் இல்லை. முள்ளம்பன்றி விளையாட்டும் இல்லை. கடைசியில் அந்த அம்மா சொன்னார்: "எம் மருமகளுக்குக் கொழந்தையில்ல. வர்ற ஆடி வெள்ளிக்கி அந்த மரத்துல போயி கிலோக் கணக்குல சாம்பிராணி போடப்போறோம். அங்கிட்டு இருந்து நெறய பேரு வாறாங்களாம்."

கூடு இன்னும் அந்த மரத்தில் இருக்கிறது. அந்தக் காட்டுக்குள் அதே மாதம் பிள்ளைகள் வருகிறார்கள். அந்த அம்மாவின் கையைப் பிடித்து அங்கேயே உண்மையைச் சொன்னேன். நம்பினாரோ என்னவோ, கையை இழுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கொப்பியை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டேன். முதலில் தோட்டத்தில் சொல்லிவிட்டுத்தான் இதை அனுப்புகிறேன். எதிர்வீட்டு அக்கா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வாசலில் நின்று, "அப்ப அந்த வாசம் ஒன்னோட சாம்பிராணியாடி? நான் ஊரெல்லாம் சொல்லிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

என் நம்பிக்கை போய்விட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். இப்போதும் ஆடிக் கடைசி வெள்ளி தவறுவதில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் நின்று, மரத்தைப் பார்த்துப் பூவும் ஊற்றுத் தண்ணீரும் வைத்துக் கும்பிடுகிறேன். அன்றைக்குச் சாமி பிள்ளைகளைக் காப்பாற்றியது உண்மை என்றே நம்புகிறேன். நான் போட்ட சாம்பிராணிக்காகக் காப்பாற்றவில்லை. நான் போட்ட சாம்பிராணியிடமிருந்து காப்பாற்றியது.

இதை வாசிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதென்றால் தாராளமாகச் சொல்லுங்கள், குறிப்பாக மரத்தடிச் சாமிக்குப் புகை போடுகிற எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் எழுதியபடியே சொல்லுங்கள். வெள்ளை வேட்டிக் கிழவரைச் சேர்க்காதீர்கள். என் மகளின் பதினேழு கொட்டில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள். என்மேல் பரிதாபப்பட்டு அந்தத் தூபக்காலை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அதை நானே மூன்று வருடம் ஒளித்து வைத்திருந்தேன், இப்போதுதான் இறக்கி வைத்திருக்கிறேன்.